மினாவில் எட்டாத குரல்

 

கஅபாவைக் கட்டி முடித்த நபி இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு, மக்களை ஹஜ்ஜுக்கு அழைக்குமாறு அல்லாஹு தஆலா கட்டளையிட்டான். சூரா அல்ஹஜ்ஜின் 27ஆம் வசனம் அதைக் கூறுகிறது. மனித நடமாட்டமே இல்லாத அந்தப் பள்ளத்தாக்கில் நின்றுகொண்டு, என் குரல் எவ்வளவு தூரம் எட்டும் என்று அவர்கள் கேட்டதாகவும், அழைப்பது உம் பொறுப்பு, அதை எட்ட வைப்பது நம் பொறுப்பு என்ற கருத்தில் பதில் வந்ததாகவும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக முஃபஸ்ஸிர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இப்ராஹீம் (அலை) அவர்களின் குரலை அல்லாஹ் எட்ட வைத்தான். அந்த அழைப்பை ஏற்று வந்து கூடும் நமக்கோ அப்படியொரு வாக்குறுதி தரப்படவில்லை. முன்னால் நிற்பவர் அறிந்ததைப் பின்னால் வருபவருக்கு எட்ட வைக்க வேண்டியது மனிதர்களாகிய நம்முடைய வேலை. அந்த வேலை சரியாக நடந்த ஒரு ஹஜ்ஜையும், நடக்காமல் போன சில ஹஜ்ஜுகளையும் பற்றியே இந்த உரை.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார்கள் என்று மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பைக் கேட்டவர்கள் மதீனாவில் வந்து குவிந்தார்கள். நபியவர்களின் ஒட்டகம் பைதாவில் ஏறி நின்றபோது முன்னும் பின்னும் வலமும் இடமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நடந்தும் வாகனத்திலும் மனிதர்களையே கண்டதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்த ஹஜ்ஜில் கூடியவர்கள் ஒரு லட்சத்திற்கும் அதிகம் என்பது சரித்திர ஆசிரியர்கள் பலரின் கூற்று. அன்றைய அரபு நாட்டில் அதற்கு முன் ஒரே இடத்தில் அத்தனை பேர் கூடியிருப்பார்களா என்பது ஐயமே. அவர்களில் பலர் இஸ்லாத்திற்குப் புதியவர்கள். நபியவர்களை முதன்முறையாகக் காண்பவர்கள். ஒலிபெருக்கி இல்லை. திறந்த வெளி, காற்று, ஒட்டகங்களின் கத்தல்.

அந்தக் கூட்டத்திற்கு நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வாறு பேசினார்கள் என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. இறுதிப் பேருரையின் வாசகங்களை மனப்பாடமாகச் சொல்லுவோம். அது கடைசி மனிதரின் காதுக்குப் போன வழியைப் பற்றிப் பேசமாட்டோம்.

முதலில் அமைதி வேண்டும். ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்து, மக்களை மௌனமாக்குமாறு சொன்னார்கள். அதன் பின்னரே, தமக்குப் பின்னால் ஒருவர் கழுத்தை ஒருவர் வெட்டிக்கொள்ளும் நிலைக்குத் திரும்பிவிட வேண்டாம் என்ற எச்சரிக்கையை விடுத்தார்கள். இது புகாரியில் கல்வி பற்றிய பாடத்தில் உள்ளது. அரஃபாவிலோ ரபீஆ இப்னு உமையா என்பவர் நபியவர்களின் அருகில் நின்று, அவர்கள் கூறும் ஒவ்வொரு வாக்கியத்தையும் உரத்த குரலில் திரும்பக் கூறியதாக இப்னு இஸ்ஹாக் பதிவு செய்கிறார். இந்த ரபீஆ யார் தெரியுமா? பிலால் (ரலி) அவர்களைச் சுடுமணலில் கிடத்தி வதைத்த அந்த உமையா இப்னு கலஃபின் மகன். நல்ல தொண்டை உள்ளவர் என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். தகப்பனின் கதையை அங்கே யாரும் கேட்கவில்லை.

பேச்சின் அமைப்பையும் பாருங்கள். இது எந்த மாதம், இது எந்த நாள், இது எந்த ஊர் என்று கேள்வி எழுகிறது. கூட்டம் பதில் சொல்கிறது. பிறகுதான் சட்டம் வருகிறது. நான் எட்ட வைத்துவிட்டேனா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் வாய் திறந்து பதில் சொல்லும்போது, பேசுபவருக்குத் தம் சொல் எதுவரை போயிருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. அதற்கும் அப்பால் இருப்பவர்களுக்கு, வந்தவர் வராதவருக்குச் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது.

மினாவில் நபியவர்கள் கோவேறு கழுதை மீது அமர்ந்து உரையாற்றியபோது, அலீ (ரலி) அவர்கள் அதை மக்களுக்கு எடுத்துரைத்துக் கொண்டிருந்ததை ராஃபிஉ இப்னு அம்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதே மினாவில் எங்கள் காதுகள் திறக்கப்பட்டன, எங்கள் தங்குமிடங்களில் இருந்தபடியே நபியவர்களின் பேச்சைக் கேட்டோம் என்று மற்றொரு ஸஹாபி கூறுவதும் அபூதாவூதில் இருக்கிறது. முஃஜிஸா நிகழ்ந்தது உண்மை. ஆனால் முஃஜிஸாவை நம்பி ஏற்பாட்டை விட்டுவிடவில்லை. அந்த அறிவிப்பிலேயே முஹாஜிர்கள் பள்ளிக்கு முன்புறமும் அன்ஸாரிகள் பின்புறமும் இறங்க வேண்டும், மற்றவர்கள் அதற்கடுத்து என்று இடம் பிரித்துக் கொடுக்கப்பட்டதையும் காண்கிறோம். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே செய்தி சொல்ல ஆளை அனுப்ப முடியும்!

கண்ணியமிக்கவர்களே! ஒரு கூட்டம் அமர்ந்திருக்கும்போது ஆபத்து குறைவு. அது நகரும்போதுதான் சோதனை. அரஃபாவில் சூரியன் மறைந்தது. அனைவரும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் முஜ்தலிஃபாவுக்குக் கிளம்பினார்கள். தமக்குப் பின்னால் பெரும் அதட்டலும் ஒட்டகங்களை அடிக்கும் சத்தமும் எழுவதை நபியவர்கள் கேட்டார்கள். உடனே சாட்டையை உயர்த்திச் சைகை காட்டி, மக்களே நிதானம், விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என்ற கருத்துப்பட அறிவித்தார்கள். குரல் எட்டாத தூரத்திலிருப்பவனுக்கும் உயர்த்திய சாட்டை தெரியும். ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் இன்னும் நுட்பமான செய்தி உண்டு. கஸ்வா ஒட்டகத்தின் தலை சேணத்தைத் தொடும் அளவுக்குக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருந்தார்கள். வலக்கரத்தால் நிதானம், நிதானம் என்று காட்டிக்கொண்டே சென்றார்கள். முன்னால் இடைவெளி கிடைத்தால் மட்டும் சற்று வேகமாகச் சென்றதாக உஸாமா (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். தலைவரின் ஒட்டகமே மெதுவாகப் போகும்போது பின்னால் வருபவன் யாரை முந்துவான்?

மெதுவாக நடக்கும் கனத்த உடல் கொண்ட அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் நெரிசலுக்கு முன்பே முஜ்தலிஃபாவிலிருந்து இரவில் புறப்பட அனுமதி கேட்டார்கள், கிடைத்தது. தம் குடும்பத்தின் பலவீனர்களையும் நபியவர்கள் முன்கூட்டியே அனுப்பினார்கள். நான் இங்கே நின்றேன், ஆனால் அரஃபா முழுவதும் நிற்குமிடமே; நான் இங்கே அறுத்தேன், ஆனால் மினா முழுவதும் அறுக்குமிடமே என்று அறிவித்தார்கள். இந்த ஓர் அறிவிப்பு எத்தனை உயிர்களைக் காத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். நபி நின்ற பாறையில்தான் நானும் நிற்பேன் என்று ஒரு லட்சம் பேரும் ஆசைப்பட்டிருந்தால் அந்தப் பாறையடியில் என்ன நடந்திருக்கும்? அந்த ஆசை எழுமுன்பே அதைத் தணித்துவிட்டார்கள்.

ஜம்ராவில் கல்லெறியும் இடத்தில், ஒருவரையொருவர் கொன்றுவிடாதீர்கள், சிறு பொடிக்கற்களையே எறியுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்ததை ஸஹாபிப் பெண்மணி ஒருவர் அறிவிக்க, அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நபியவர்கள் ஒட்டகத்தின் மீதிருந்து கல்லெறிந்தபோது அடிப்பதோ, விரட்டுவதோ, விலகு விலகு என்று கத்துவதோ அங்கே இல்லை என்று குதாமா (ரலி) அவர்கள் நினைவுகூர்கிறார்கள். எந்த அமலை முந்திச் செய்துவிட்டேன், பிந்திச் செய்துவிட்டேன் என்று பதறி வந்தவர்களுக்கெல்லாம் அன்று கிடைத்த பதில், செய்யுங்கள், குற்றமில்லை என்பதே. பதற்றம் கொண்ட மனிதன்தான் இடிப்பான். பதற்றத்தை அவிழ்த்துவிட்டால் பாதி நெரிசல் அவிழ்ந்துவிடும்.

அதே மினாவுக்கு, 1400 சந்திர ஆண்டுகளுக்குப் பின் வருவோம்.

1990 ஜூலை 2. மினாவில் அல்முஅய்ஸிம் என்ற நடைபாதைச் சுரங்கத்தில் 1,426 ஹாஜிகள் இறந்தார்கள். சுரங்கத்தின் வாயிலருகே மேம்பாலத்திலிருந்து சிலர் கீழே விழுந்தார்கள் என்றும், அதனால் வெளியேறும் முனை அடைபட்டது என்றும் அதிகாரிகள் விளக்கினார்கள். முன்னால் வழி அடைபட்டது பின்னால் நுழைந்துகொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் நுழைந்துகொண்டே இருந்தார்கள்.

பத்திரிகைகள் இத்தகைய செய்தியை, நெரிசலில் மிதிபட்டு இறந்தனர் என்றே எழுதும். உண்மை வேறு. இத்தகைய விபத்துகளில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு விரிய இடமின்றி மூச்சடைத்து, பலர் நின்ற நிலையிலேயே இறக்கிறார்கள். ஜான் ஃப்ருயின் என்ற அமெரிக்கப் பொறியாளர் கூட்ட விபத்துகளை ஆராய்ந்து 1993இல் எழுதினார். ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் அளவுக்கு நெருங்கிவிட்டால் மனிதன் தன் இஷ்டப்படி காலை வைக்க முடியாது. கூட்டம் தண்ணீரைப் போலாகிவிடும். அதில் அலை எழும். அந்த அலை ஆளையே தூக்கி எறியும். இதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, முன்னிருந்து பின்னுக்குச் செய்தி போகாமை. முன்னால் இருப்பவன் நசுங்குகிறான். பின்னால் இருப்பவன், முன்னே சற்று இடம் இருக்கிறது, யாரோ தாமதம் செய்கிறார்கள் என்று எண்ணி ஓர் அடி எடுத்து வைக்கிறான். அவன் கெட்டவன் அல்லன். நாவில் தல்பியா இருக்கலாம். தனக்கு முன்னால் பத்தாயிரம் பேருக்கு அப்பால் ஒரு தாய் மூச்சுக்குத் திணறுவது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் எடுத்து வைத்த அந்த ஓர் அடியைப் பின்னால் இருக்கும் ஆயிரம் பேரும் எடுத்து வைக்கிறார்கள் என்பதுதான் விபரீதம்.

1990இன் துயரத்திற்குப் பின், இது எல்லாவற்றுக்கும் மேலான இறைநாட்டம் என்ற கருத்தில் அன்றைய மன்னர் ஃபஹத் பேசினார். 2015இல் மினாவில் மீண்டும் பெருந்துயரம் நேர்ந்தபோது அன்றைய தலைமை முஃப்தியும், மனித சக்திக்கு அப்பாற்பட்டவற்றுக்கு நீங்கள் பொறுப்பாளர் அல்லர் என்று ஹஜ் ஏற்பாடுகளின் தலைவராயிருந்த பட்டத்து இளவரசருக்கு ஆறுதல் கூறினார். அன்றைய சுகாதார அமைச்சரோ ஹாஜிகள் சிலர் அறிவுறுத்தல்களைப் பின்பற்றாமல் நகர்ந்தது காரணமாக இருக்கலாம் என்றார். பெரியவர்களின் சொல்லை எடுத்துப் பேசும்போது அதபு தவறக் கூடாது என்பதை அறிவேன். ஆனாலும் மிம்பரில் நிற்பவன் இவ்விடத்தில் மௌனமாகக் கடந்துவிட முடியாது.

கத்ரை நம்புவது ஈமானின் ருக்னு. அதில் எள்ளளவும் ஐயமில்லை. அங்கே இறந்தவர்களின் அஜல் அந்த நொடியில் எழுதப்பட்டிருந்தது, அதையும் நம்புகிறோம். ஆனால் அந்த நம்பிக்கை, மகனை இழந்த தாய்க்குச் சொல்ல வேண்டிய ஆறுதல். பாதையைத் திறக்க வேண்டியவர், அடைக்க வேண்டியவர், செய்தி சொல்ல வேண்டியவர் ஆகியோர் கணக்குக் கேட்கப்படும் இடத்தில் அது பதிலாகாது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிச் சென்றபோது ஸர்க் என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்ற செய்தி கிடைத்தது. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், அன்ஸாரிகளைக் கேட்டார்கள், குறைஷி முதியவர்களைக் கேட்டார்கள். பிறகு, விடிந்ததும் திரும்புகிறோம் என்று மக்களிடையே அறிவிக்கச் செய்தார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்து அல்லாஹ்வின் கத்ருக்கே செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். பசுமையான கரையிலும் வறண்ட கரையிலும் ஒட்டகத்தை மேய்ப்பவன் உதாரணத்தைக் கூறி, எந்தக் கரையில் மேய்த்தாலும் கத்ரே, ஆனால் மேய்ப்பன் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்று விளங்க வைத்தார்கள். அந்த நேரத்தில் ஏதோ அலுவலாகச் சென்றிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், அங்கிருந்தால் தப்பி வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். தலைவர் செய்தியைக் கேட்டார், ஆலோசித்தார், முடிவை அனைவருக்கும் அறிவித்தார். கத்ரை நம்பியவரின் நடைமுறை இதுவாக இருந்தது.

1990க்குப் பின் விபத்துகள் நிற்கவில்லை. 1994இல் கல்லெறியும் இடத்தில் 270 பேர். 1998இல் 118. 2001இல் 35. 2004இல் 251. அதன் பின் ஜம்ராவின் மூன்று தூண்களும் நீண்ட சுவர்களாக மாற்றப்பட்டன. ஆயினும் 2006 ஜனவரி 12, துல்ஹஜ் 12ஆம் நாள், ஜமராத் பாலத்தின் கிழக்கு நுழைவாயிலில் சுமார் 350 பேர் இறந்தார்கள். மினாவை விட்டுக் கிளம்பும் நாள் அது. கல்லெறிந்த கையோடு ஊருக்குப் புறப்படும் எண்ணத்தில் பலரும் மூட்டை முடிச்சுகளைச் சுமந்து வந்திருந்தார்கள். கீழே கிடந்த பொருள்களில் கால் இடறியது.

ஆனால் அன்றைய நெரிசலுக்கு இடறிய மூட்டை மட்டும் காரணமில்லை. நம்முடைய பயான்களுக்கும் அதில் பங்குண்டு என்று நான் கருதுகிறேன். தஷ்ரீக் நாட்களில் கல்லெறியும் நேரம் ஜவாலுக்குப் பின், அதாவது உச்சி சாய்ந்த பின் தொடங்குகிறது என்பது பெரும்பாலான இமாம்களின் சட்டம். தொடங்கும் நேரத்தை ஹாஜிகளுக்கு நன்றாகவே கற்றுக் கொடுத்தோம். அது எதுவரை நீடிக்கிறது என்பதைக் கற்றுக் கொடுத்தோமா? மஃக்ரிப் வரை எறியலாம். இயலாதவர் இரவிலும் எறியலாம். ஒட்டக மேய்ப்பர்களுக்கு நபியவர்களே சலுகை வழங்கியிருக்கிறார்கள். விடுபட்டதை தஷ்ரீக் நாட்களுக்குள் நிறைவேற்ற ஷாஃபிஈ மத்ஹபில் வழியிருக்கிறது. 13ஆம் நாளில் ஜவாலுக்கு முன்பே எறிய இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இடமளித்திருக்கிறார்கள். இவையெல்லாம் கிதாபுகளில் இருந்தன. ஹாஜியின் மனத்தில் மட்டும் ஜவால் ஆனதும் எறிய வேண்டும் என்ற ஒன்றே பதிந்திருந்தது. ஆகவே இலட்சக்கணக்கானோர் ஒரே மணி நேரத்தில் ஒரே பாலத்தில் ஏறினார்கள். எட்டாமல் போன செய்தி என்றால் வழிகாட்டிப் பலகையும் ஒலிபெருக்கியும் மட்டுமல்ல, மஸ்அலாவும்தான்.

அன்று பாலத்தின் மேலிருந்த ஒளிப்பதிவுக் கருவி எல்லாவற்றையும் பதிந்திருந்தது. டிர்க் ஹெல்பிங் என்ற விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் அப்பதிவை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். விபத்துக்கு ஏறத்தாழ அரை மணி நேரத்திற்கு முன்பே கூட்டத்தின் நடை மாறியிருந்தது. சீராக ஓடிய வெள்ளம், நின்று நின்று நகரும் அலைகளாக மாறி, பிறகு கொந்தளித்தது. அந்த அரை மணி நேரம் ஒரு பெரிய எச்சரிக்கை. அதைப் படிக்கத் தெரிந்து, பின்வரிசையை நிறுத்தச் சொல்ல ஒரு குரல் இருந்திருந்தால்!

அந்த ஹஜ்ஜுக்குப் பின் பழைய பாலம் இடிக்கப்பட்டது. 950 மீட்டர் நீளமும் 80 மீட்டர் அகலமும் ஐந்து தளங்களும் கொண்ட புதிய பாலம் எழுந்தது. போகும் வழி வேறு, வரும் வழி வேறு. ஒவ்வொரு முகாமுக்கும் இன்ன நேரம் என்று அட்டவணை வந்தது. 2012இல் 31 லட்சத்திற்கும் அதிகமானோர் ஹஜ் செய்தும் அந்தப் பாலத்தில் அத்தகைய விபத்து நிகழவில்லை. செய்யக் கூடியதைச் செய்தால் பலன் உண்டு என்பதற்கு இது சாட்சி. சவூதி அரசின் அந்தப் பணிக்கு நன்றி கூறாமலிருப்பதும் நியாயமன்று.

2015 செப்டம்பர் 24, பெருநாள் காலை. இம்முறை பாலத்தில் அல்ல; பாலத்திற்குச் செல்லும் வழியில், 204, 223 என்ற எண்கள் கொண்ட தெருக்கள் கூடும் சந்திப்பில் இரண்டு கூட்டங்கள் எதிர்ப்பட்டன. சவூதி அரசு அறிவித்த மரணம் 769; காயம் 934. அந்த எண்ணிக்கை அதன் பின் திருத்தப்படவில்லை. ஒவ்வொரு நாடும் தன் ஹாஜிகளைக் கணக்கிட்டு வெளியிட்டதை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் கூட்டிப் பார்த்தபோது 2,400க்கும் மேல் வந்தது. ஈரான் நாட்டவர் மட்டும் 464 பேர். நம் இந்திய நாட்டின் ஹாஜிகள் நூற்றுக்கும் மேற்பட்டோர்.

விபத்தின் குழப்பத்தில் எண்ணிக்கை உடனே தெரியாது, அது இயல்பு. ஆனால் நாட்கள் கடந்தும் தம் தகப்பன் மருத்துவமனையில் இருக்கிறாரா, மையித்துகளுடன் இருக்கிறாரா என்று அறியாத பிள்ளைகள் ஊர் ஊராக இருந்தார்கள். நான்கு நாட்களுக்குப் பின், இறந்தவர்கள் 1,090 பேரின் படங்கள் தரப்பட்டிருப்பதாக அன்றைய இந்திய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அறிவித்தார். அறிவிக்கப்பட்ட மரணம் 769, படங்களோ 1,090 என்றால் குடும்பத்தார் எதை நம்புவார்கள்? உண்மை வராத இடத்தில் வதந்தி வந்து உட்காரும். ஓர் இளவரசரின் வாகன அணிக்காகப் பாதை அடைக்கப்பட்டதால் இது நேர்ந்தது என்ற பேச்சு உலகெங்கும் சுற்றியது. அரசு அதை மறுத்தது. மறுப்புச் சென்றதைவிட வேகமாக வதந்தி சென்றுவிட்டிருந்தது. பாதுகாப்பைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ ஒரு செய்தி வந்ததும் அதைப் பரப்பிவிடுகிறார்கள், அதைத் தூதரிடமும் பொறுப்பாளர்களிடமும் கொண்டு சென்றிருந்தால் ஆராய்ந்து அறியக் கூடியவர்கள் அதன் உண்மையை அறிந்திருப்பார்கள் என்று சூரா அன்னிஸாவின் 83ஆம் வசனம் கண்டிக்கிறது. பரப்புபவனைக் கண்டிக்கும் அந்த வசனத்தில், கொண்டு சென்றால் பதில் சொல்லக் கூடிய பொறுப்பாளர்கள் இருக்க வேண்டும் என்பதும் அடங்கியிருக்கிறது. இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

வதந்தி மட்டுமே கொன்ற நிகழ்ச்சியும் உண்டு. 2005 ஆகஸ்ட் 31, பக்தாத். காழிமிய்யாவிலுள்ள இமாம் மூஸா அல்காழிம் (ரஹ்) அவர்களின் அடக்கஸ்தலத்தை நோக்கிப் பெருங்கூட்டம் தஜ்லா நதியின் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தது. அன்று காலையிலேயே அப்பகுதியில் குண்டுகள் விழுந்திருந்தன. மனங்களில் அச்சம் உறைந்திருந்தது. கூட்டத்திற்குள் வெடிகுண்டு கட்டியவன் இருக்கிறான் என்று ஒரு குரல் கிளம்பியது. அவ்வளவுதான். 900க்கும் மேற்பட்டோர் நசுங்கியும் நதியில் வீழ்ந்தும் மாண்டார்கள். குண்டு எதுவும் அங்கே வெடிக்கவில்லை. எதிர்க்கரையில் அஃளமிய்யாவின் சுன்னி இளைஞர்கள் நீரில் குதித்து ஷியா மக்களைக் கரையேற்றினார்கள். அவர்களில் உஸ்மான் என்ற இளைஞர் பலரைக் காப்பாற்றிவிட்டுக் களைத்துத் தாமே மூழ்கிப் போனார். இரு பிரிவினரும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த காலம் அது.

மதீனாவிலும் ஒரு நள்ளிரவில் இப்படியொரு பயங்கரச் சத்தம் கேட்டது. மக்கள் பதறி எழுந்து சத்தம் வந்த திசையை நோக்கிப் புறப்பட்டார்கள். எதிரே நாயகம் (ஸல்) அவர்கள் அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில், சேணம்கூட இல்லாமல், கழுத்தில் வாளுடன் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்பாகவே சென்று பார்த்துவிட்டு, பயப்படாதீர்கள், பயப்படாதீர்கள் என்று கூறியபடி வந்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்தே அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். ஸஹாபாக்கள் நம்பியும் இருப்பார்கள். நேரில் கண்டுவிட்டே சொன்னார்கள்.

2016இல் ஹாஜிகளுக்கு மின்னணுக் கைவளையம் வந்தது. 2024இல் நுஸுக் அட்டை வந்தது. யார், எந்த முகாம், எந்தக் குழு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் அதே 2024 ஹஜ்ஜில், மக்காவில் வெப்பம் 50 பாகையைத் தாண்டிய நாட்களில், 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள். பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்குக் கூடாரம் இல்லை, பேருந்து இல்லை. இப்போது வெளியே நடக்காதீர்கள் என்ற எச்சரிக்கையை அவருக்கென்று அனுப்ப ஒரு முகவரியும் இல்லை. குறைந்த செலவில் ஹஜ் என்று ஆசை காட்டி, வேறு வகை விசாவில் நம் மக்களை அனுப்பி வைப்போரை எண்ணியே இதைச் சொல்கிறேன். அனுமதியின்றி அனுப்பப்படுபவர், காணாமல் போனாலும் எவர் கணக்கிலும் வராமல் போகிறார்.

2022 ஹஜ்ஜில் அரஃபா குத்பாவின் மொழிபெயர்ப்பு 14 மொழிகளில் ஒலிபரப்பானது. தமிழும் அவற்றில் ஒன்று. ரபீஆ அரபியில் செய்த வேலையைத் தமிழில் ஒருவர் செய்தார். கேட்டபோது உள்ளம் குளிர்ந்தது. ஆயினும் குத்பா அமைதியான நேரத்தின் பேச்சு. தெருச் சந்திப்பில் நிற்கும் காவலருக்குத் தமிழ் தெரியாது. அவர் அரபியில்தான் கத்துவார்.

ஆகவே எங்கள் பள்ளியில் நடைபெறும் ஹஜ் வகுப்பில் துஆக்களை ஓதிக் கொடுத்த பிறகு சில அரபிச் சொற்களையும் சொல்லிக் கொடுக்கிறேன். கிஃப் என்றால் நில். இர்ஜிஃ என்றால் திரும்பு. யமீன் என்றால் வலப்பக்கம், யஸார் என்றால் இடப்பக்கம். தரீக் என்று கத்தினால் வழி விட வேண்டும். அட்டவணையில் நமக்குத் தரப்பட்ட நேரத்தை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கும் வீட்டாருக்கும் தனியாக ஒரு வகுப்பு உண்டு. குழுப் பொறுப்பாளரின் எண், நம் ஹாஜியின் முகாம் எண் இரண்டையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தொலைக்காட்சியில் ஏதேனும் கண்டால் அந்த எண்ணை அழையுங்கள். உங்கள் கைப்பேசிக்கு வந்த மையித்தின் படத்தை இன்னொரு வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்பேன்.

ஒருமுறை வகுப்பில் எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி எழுந்து கேட்டார்: "ஹஜ்ரத், முன்னாடி இருக்கிறவங்க கிஃப்னு கேட்டு நின்னுடுறாங்க. எனக்குப் பின்னாடி வர்றவருக்கு அது கேக்கலேன்னா நான் என்ன செய்யணும்?"

திரும்பி நின்று, கையை உயர்த்தி, நீங்களும் கிஃப் என்று சொல்லுங்கள் என்றேன். வகுப்பிலிருந்த நாற்பது பேரையும் எழுப்பி, வரிசையாக நிறுத்தி, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை அதைச் சொல்ல வைத்தேன். முதல் தடவை அது நடுவரிசையைத் தாண்டவில்லை. மூன்றாம் தடவையில்தான் கதவருகே நின்றவர் கையை உயர்த்தினார்.